ஐந்து ரூபாய் பிஸ்கட்டும் 22 சதவீத வரியும்

“சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?” பட்ஜெட் வந்த மறுநாள் டீக்கடை பெஞ்சிலிருந்து தொலைக்காட்சி விவாதம் வரை இந்தக் கேள்வி தவறாமல் வரும். கம்பெனி நன்றாக இருந்தால்தான் தொழிலாளி நன்றாக இருப்பான். முதலாளி கையில் நாலு காசு மிஞ்சினால்தான் இன்னொரு ஆலை கட்டுவார். ஆலை வந்தால் வேலை வரும், வேலை பெருகினால் கூலி உயரும். ஆகவே பெரிய நிறுவனங்களின் வரியைக் குறை, மானியத்தை வெட்டு, அரசின் செலவைச் சுருக்கு, குறுக்கே நிற்காதே. வலதுசாரிப் பொருளாதாரம் என்று உலகம் முழுக்க அறியப்படும் கொள்கையின் சாரம் இவ்வளவுதான்.

இதை நம்புகிறவர்களில் பெரும்பாலோர் முதலாளிகள் இல்லை. மாதச் சம்பளக்காரர்களும் கடை வைத்துப் பிழைப்பவர்களும்தான். அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமலும் இல்லை. ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தலைமுறைக்கு, 1991-க்குப் பிறகு திறந்துவிடப்பட்ட சந்தை என்ன கொடுத்தது என்று தெரியும். 1970-களின் தொடக்கத்தில் இந்தியாவில் தனிநபர் வருமான வரியின் உச்ச விகிதம் 97 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அந்த வரி கறுப்புப் பணத்தைத்தான் வளர்த்தது. தொழில் வளராத நாட்டில் பங்கிட ஒன்றும் இருக்காது என்பதும் உண்மை.

இதுவரை யாருக்கும் சண்டை இல்லை. சட்டியில் போட்டது தானாகவே எல்லார் இலைக்கும் வந்து சேரும் என்ற அடுத்த நம்பிக்கையில்தான் கோளாறு இருக்கிறது. அதை இனி ஊகமாகப் பேச வேண்டியதில்லை. இந்தியாவில் அது சோதித்துப் பார்க்கப்பட்டுவிட்டது. சோதனை தொடங்கிய நாள் 2019 செப்டம்பர் 20.

அதற்கு ஒரு மாதம் முன்னால் நடந்ததை முதலில் பார்க்க வேண்டும். 2019 ஆகஸ்டில் பிரிட்டானியா நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் வருண் பெர்ரி, ஐந்து ரூபாய் பொருளை வாங்கவே மக்கள் இரண்டு முறை யோசிக்கிறார்கள் என்று சொன்னார். அதே மாதம் பார்லே நிறுவனம், கிராமங்களில் விற்பனை படுத்துவிட்டதால் 10,000 பேர் வரை வேலையிழக்க நேரிடலாம் என்றது. அந்த நிறுவனம் அரசிடம் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. கிலோ நூறு ரூபாய்க்குள் விற்கும் பிஸ்கட்டுக்கு ஜி.எஸ்.டி.யைக் குறையுங்கள் என்பதுதான். அப்போது பிஸ்கட்டுக்கு வரி 18 சதவீதம். டீயில் தோய்த்துத் தின்னும் ஐந்து ரூபாய்ப் பாக்கெட் பல வீடுகளில் பிள்ளைகளின் காலைச் சாப்பாடு. கூலி வேலைக்குப் போகிறவர்களுக்குப் பல நாள் மதியச் சாப்பாடும் அதுதான்.

செப்டம்பர் 20 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனும் மாநில நிதியமைச்சர்களும் ஜி.எஸ்.டி. கவுன்சில் கூட்டத்துக்காகக் கோவாவில் இருந்தார்கள். கூட்டத்துக்கு முன்பே அமைச்சர் பத்திரிகையாளர்களிடம் அறிவித்தார்: கார்ப்பரேட் வரி 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைகிறது. அக்டோபர் 1-க்குப் பிறகு தொடங்கும் புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 சதவீதம்தான். நாடாளுமன்ற விவாதம் இல்லை, அவசரச் சட்டம். அது ஏப்ரல் 1 முதலே முன்தேதியிட்டு அமல். அரசுக்கு ஆண்டுக்கு ரூ.1.45 லட்சம் கோடி இழப்பு என்று அமைச்சரே சொன்னார். சென்செக்ஸ் அன்று ஒரே நாளில் 1,921 புள்ளிகள் ஏறியது. அதே நாள், அதே ஊரில் கூடிய கவுன்சில், ஒரு நாள் வாடகை ரூ.7,500-க்கு மேல் உள்ள ஓட்டல் அறைகளின் வரியை 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைத்தது. பிஸ்கட் 18 சதவீதத்திலேயே நின்றது.

இனி வாதங்களை ஒவ்வொன்றாக எடுக்கலாம்.

1. கையில் மிஞ்சும் பணம் ஆலையாக மாறும் என்கிறார்கள். மாறியதா?

ரிசர்வ் வங்கியின் 2019-20 ஆண்டறிக்கை இதற்குப் பதில் சொல்கிறது. வரிக் குறைப்பால் கிடைத்த பணத்தை நிறுவனங்கள் கடன் அடைக்கவும் கையிருப்பைப் பெருக்கவும் பயன்படுத்தின, புதிய முதலீட்டைத் தொடங்கவில்லை என்று அது எழுதியது. அது முதல் ஆண்டுதானே, பொறுத்திருங்கள் என்றார்கள். மூன்று ஆண்டு பொறுத்த பிறகு, 2022 செப்டம்பரில் அதே நிதியமைச்சர் ஒரு மாநாட்டில் தொழிலதிபர்களைப் பார்த்து, உங்களை எது தடுக்கிறது என்று கேட்டார். தன் பலம் தனக்கே தெரியாத அனுமனைப் போல இருக்கிறீர்களா, பக்கத்தில் ஒருவர் நின்று நினைவூட்ட வேண்டுமா என்று கேட்டார். சலுகை கொடுத்தவரே இப்படிக் கேட்க வேண்டி வந்தது.

கொரோனா வந்து கெடுத்துவிட்டது என்று சமாதானம் சொல்வார்கள். கொரோனா கெடுத்தது யாரை என்று பார்க்க வேண்டும். 2024 ஜூலையில் வெளியான பொருளாதார ஆய்வறிக்கை எதிர்க்கட்சியின் துண்டறிக்கை இல்லை. தலைமைப் பொருளாதார ஆலோசகர் அனந்த நாகேஸ்வரன் தயாரித்து, அரசே நாடாளுமன்றத்தில் வைத்த ஆவணம். 33,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் கணக்கை எடுத்துப் பார்த்ததில், 2020-க்கும் 2023-க்கும் இடையே வரிக்கு முந்தைய லாபம் ஏறக்குறைய நான்கு மடங்கானது என்கிறது அது. வேலைக்கு ஆள் எடுப்பதும் சம்பள உயர்வும் அதற்கு ஈடு கொடுக்கவில்லை என்றும் சொல்கிறது. 2023 வரையிலான நான்கு ஆண்டுகளில் இயந்திரம், கருவி, அறிவுசார் சொத்து ஆகியவற்றில் தனியார் முதலீடு மொத்தமாகவே 35 சதவீதம்தான் வளர்ந்தது. வீடு, கட்டடம் போன்றவற்றில் போட்ட பணம் 105 சதவீதம் கூடியது. அடுத்த ஆண்டின் ஆய்வறிக்கை இன்னும் வெளிப்படை: 2023-24-இல் பெருநிறுவன லாபம் 22.3 சதவீதம் ஏறியது, வேலைவாய்ப்பு 1.5 சதவீதம். ஆக, லாபம் கொரோனாவைத் தாண்டி வந்துவிட்டது. வேலையும் கூலியும்தான் பின்தங்கிப் போயின.

காரணம் மர்மம் ஒன்றுமில்லை. 2019 ஜூலை-செப்டம்பரில் இந்திய ஆலைகள் தங்கள் உற்பத்தித் திறனில் 70 சதவீதத்தைக்கூடப் பயன்படுத்தவில்லை என்பது ரிசர்வ் வங்கியின் கணக்கு. பத்து இயந்திரத்தில் மூன்று சும்மா நிற்கும்போது எந்த முதலாளியும் பதினோராவது இயந்திரம் வாங்கமாட்டார், கையில் எவ்வளவு பணம் இருந்தாலும் வாங்கமாட்டார். சரக்கு வாங்க ஆள் வந்தால், கடன் வாங்கியாவது வாங்குவார். பிஸ்கட் கம்பெனிகள் ஆகஸ்டில் சொன்னது இதைத்தான். எங்களிடம் பணம் இல்லை என்று அவை புலம்பவில்லை. வாங்குகிறவர்களிடம் பணம் இல்லை என்றன. அரசு வாங்குகிறவரை விட்டுவிட்டு விற்கிறவருக்குப் பணம் கொடுத்தது.

2. சிறு தொழிலுக்கும் சேர்த்துத்தானே குறைத்தார்கள்?

இந்தக் கேள்விக்கு விடை அதே ஆண்டின் ஜூலை பட்ஜெட்டில் இருக்கிறது. ஆண்டு வரவு ரூ.400 கோடி வரை உள்ள நிறுவனங்களுக்கு 25 சதவீத வரி போதும் என்று அந்த பட்ஜெட் அறிவித்தது. நாட்டிலுள்ள நிறுவனங்களில் 99.3 சதவீதம் இதில் அடங்கிவிடும் என்று பட்ஜெட் உரையிலேயே பெருமையாகச் சொல்லப்பட்டது. அப்படியானால் செப்டம்பரில் 30 சதவீதத்திலிருந்து 22-க்கு இறங்கியவர்கள் யார்? மிச்சமிருந்த 0.7 சதவீதம். மற்றவர்களுக்கும் மூன்று புள்ளி குறைந்தது என்பது உண்மைதான். எட்டுப் புள்ளி இறங்கியது உச்சாணிக் கிளையில் இருந்தவர்களுக்கு.

கம்பெனியாகப் பதிவு செய்யாத தொழில்களின் கதை இன்னும் மோசம். திருப்பூரில் நாலு பவர் டேபிள் போட்டு ஜாப் வொர்க் செய்பவரையும், மைத்துனரோடு கூட்டுச் சேர்ந்து நிட்டிங் யூனிட் நடத்துபவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஈரோட்டின் விசைத்தறிக் கூடமும் சிவகாசியின் அச்சகமும் இப்படித்தான் நடக்கின்றன. பெரும்பாலும் தனி உரிமை, அல்லது பார்ட்னர்ஷிப். பார்ட்னர்ஷிப் நிறுவனத்துக்கு வருமான வரி லாபத்தின் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம், செஸ் சேர்த்தால் 31.2. செப்டம்பர் அறிவிப்பு அதை ஒரு புள்ளிகூட அசைக்கவில்லை. பல்லாயிரம் கோடி வரவுள்ள நிறுவனத்துக்கு எல்லாம் சேர்த்து 25.17 சதவீதம்.

கம்பெனி லாபத்தை டிவிடெண்டாகப் பிரித்தால் பங்குதாரர் தனியாக வரி கட்ட வேண்டும், கூட்டு நிறுவனத்தில் அது இல்லை என்று கணக்குத் தணிக்கையாளர்கள் நினைவூட்டுவார்கள். சரியான நினைவூட்டல்தான். ஆனால் இங்கே பேச்சு முதலீட்டைப் பற்றியது. லாபத்தை வெளியே எடுக்காமல் தொழிலிலேயே மறுபடி போடுகிற சிறு கூட்டு நிறுவனம் அந்தப் பணத்துக்கு 31.2 கட்டுகிறது, அதே காரியத்தைச் செய்யும் பெருநிறுவனம் 25.17 கட்டுகிறது. முதலீட்டை ஊக்குவிக்கத்தான் இந்தச் சலுகை என்றால், இந்த வித்தியாசத்துக்கு என்ன விளக்கம்?

3. வரியைக் குறைத்தோம், வசூல் கூடியதே!

மேடையில் அதிகம் கைதட்டல் வாங்கும் வாதம் இது. 2018-19-இல் கார்ப்பரேட் வரி வசூல் ரூ.6.63 லட்சம் கோடி. 2023-24-இல் ரூ.9.11 லட்சம் கோடி. கூடியிருக்கிறதே?

ஐந்து ஆண்டில் விலைவாசி கூடியது, பொருளாதாரமும் பெருத்தது, லாபம் பல மடங்கானது. அதோடு ஒப்பிடாமல் ரூபாயை மட்டும் எண்ணினால் கணக்கு தப்பாகத்தான் வரும். நாட்டின் மொத்த உற்பத்தியில் கார்ப்பரேட் வரி 2018-19-இல் 3.5 சதவீதம். 2023-24-இல் சுமார் 3.1 சதவீதம். லாபம் பதினைந்து ஆண்டு உச்சத்தில் இருந்த வருடத்தில், அரசுக்கு வந்த பங்கு குறைந்திருந்தது.

பக்கத்திலேயே இன்னொரு கணக்கையும் வைக்க வேண்டும். 2018-19-இல் தனிநபர்கள் கட்டிய வருமான வரி ரூ.4.73 லட்சம் கோடி, கம்பெனிகள் கட்டியதைவிட ஏறக்குறைய இரண்டு லட்சம் கோடி குறைவு. 2023-24-இல் அது சுமார் ரூ.10.45 லட்சம் கோடி, கம்பெனிகள் கட்டியதைவிட ஒரு லட்சம் கோடிக்கு மேல் அதிகம். சம்பளத்திலிருந்து மாதாமாதம் டி.டி.எஸ். பிடிக்கப்படுகிறவர்கள் உள்ளிட்ட தனிநபர்கள், நாட்டின் எல்லாக் கம்பெனிகளையும் சேர்த்து முந்திவிட்டார்கள். கம்பெனிகளுக்கு வரி குறைய வேண்டும் என்று வாதாடும் மாதச் சம்பளக்காரர் ஒருமுறை தன் ஃபார்ம் 16-ஐ எடுத்துப் பார்க்கட்டும்.

4. விட்டுக்கொடுத்த பணத்தின் இடத்தை யார் நிரப்பினார்கள்?

2020 ஏப்ரலில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சரிந்து கிடந்தது. இந்தியா வாங்கும் எண்ணெய் பீப்பாய் 20 டாலர் அளவுக்கு இறங்கியது. பங்க்கில் விலை குறைந்திருக்க வேண்டிய நேரம். மே 5 இரவு மத்திய அரசு பெட்ரோலுக்கு லிட்டருக்கு ரூ.10, டீசலுக்கு ரூ.13 கலால் வரியை ஏற்றியது. மார்ச்சில் ஏற்றிய மூன்று ரூபாயையும் சேர்த்தால் பெட்ரோல் மீதான மத்திய வரி ரூ.19.98-லிருந்து ரூ.32.98. டீசல் மீதான வரி ரூ.15.83-லிருந்து ரூ.31.83, அதாவது இரட்டிப்பு. பெட்ரோல், டீசலில் மத்திய அரசு வசூலித்த கலால் 2019-20-இல் ரூ.1.78 லட்சம் கோடி, ஊரடங்கில் வண்டிகள் முடங்கிக் கிடந்த 2020-21-இல் ரூ.3.35 லட்சம் கோடி. ஓராண்டில் கூடிய தொகை ரூ.1.57 லட்சம் கோடி. கம்பெனிகளுக்கு விட்டுக்கொடுத்ததாக அரசு மதிப்பிட்டது ரூ.1.45 லட்சம் கோடி. 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் அந்த வரியைக் குறைத்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பழைய நிலைக்கு அது இறங்க இரண்டு ஆண்டு ஆனது.

2022 ஜூலை 18 முதல், பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. 25 கிலோவும் அதற்குக் குறைவான பைகளும்தான் அந்த வரிக்குள் வரும். அதன் பிறகு தமிழ்நாட்டு அரிசிக்கடைகளில் ஒரு மாற்றம் வந்தது. காலங்காலமாக 25 கிலோவாக இருந்த சிப்பம் 26 கிலோவானது. வாங்குகிறவர் தலையில் வரி விழக்கூடாது என்று ஆலைக்காரர்கள் ஒரு கிலோவைக் கூட்டிக் கட்டினார்கள். மூட்டையாக வாங்க முடிந்தவர் தப்பித்தார். வாரக் கூலியில் ஐந்து கிலோ, பத்து கிலோ பை வாங்குகிறவருக்கு அந்த வழி இல்லை. அந்தப் பையின் விலையில் வரியும் சேர்ந்தே இருக்கிறது.

5. பங்குதாரர்களும் பொதுமக்கள்தானே?

மியூச்சுவல் ஃபண்டில் மாதம் ஆயிரம் ரூபாய் எஸ்.ஐ.பி. போடும் இளைஞர்களைக் காட்டி இப்போது இப்படிக் கேட்கிறார்கள். 2024 ஆகஸ்டில் தேசியப் பங்குச்சந்தையில் பதிவான தனி முதலீட்டாளர்கள் 10 கோடியைத் தொட்டார்கள். நல்ல வளர்ச்சி. 140 கோடிப் பேர் உள்ள நாட்டில் அது பதினாலில் ஒருவர். இந்தியப் பட்டியல் நிறுவனங்களின் பங்குகளில் ஏறத்தாழ பாதி அவற்றை நிறுவிய குடும்பங்கள் உள்ளிட்ட உரிமையாளர் தரப்பிடமே இருக்கிறது. அடுத்து வெளிநாட்டு, உள்நாட்டு நிதி நிறுவனங்கள். செப்டம்பர் 20 அன்று சந்தை மதிப்பு ஏறக்குறைய ரூ.6.8 லட்சம் கோடி கூடியபோது, அதன் பெரும்பகுதி யார் கணக்கில் ஏறியது என்பதற்குத் தனி ஆராய்ச்சி வேண்டியதில்லை.

தொழிலாளியின் பி.எஃப். பணத்தில் ஒரு பகுதியும் பங்குச்சந்தையில்தானே இருக்கிறது என்பார்கள். 2018-19-இல் பி.எஃப். வட்டி 8.65 சதவீதம். லாபங்கள் வானத்துக்கு ஏறிய 2021-22-இல் 8.1 சதவீதம், நாற்பது ஆண்டுகளில் காணாத தாழ்வு.

6. மாநிலங்களின் பங்கு எங்கே போனது?

கார்ப்பரேட் வரி மத்திய அரசுக்கு மட்டும் சொந்தமான பணம் இல்லை. அப்போது நடப்பில் இருந்த 14-ஆவது நிதிக்குழுவின் கணக்குப்படி அதில் 42 சதவீதம் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டியது. அரசின் சொந்த மதிப்பீட்டை வைத்தே பார்த்தால், ரூ.1.45 லட்சம் கோடியில் ஏறத்தாழ ரூ.60,000 கோடி மாநிலங்களுடையது. கோவாவில் ஒரே ஊரில் இருந்தும், தங்கள் பணம் விட்டுக்கொடுக்கப்படுவதில் மாநில நிதியமைச்சர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல இடமில்லை. அந்த ஓட்டையை அடைக்க ஏற்றிய பெட்ரோல் வரியோ பெரும்பாலும் செஸ், சிறப்புக் கலால் என்ற பெயரில் வந்தது. அவற்றில் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது. பகிர வேண்டிய வரி குறைந்தது. பகிர வேண்டாத வரி கூடியது.

தமிழ்நாட்டின் பங்கு அந்த 42 சதவீதத்தில் சுமார் 4 சதவீதம். தோராயமாக ஆண்டுக்கு ரூ.2,400 கோடி. அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் காலை உணவு போட 2023-24 பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு ஒதுக்கியது ரூ.500 கோடி. லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு வாரத்தில் ஐந்து நாள் உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார். ஓர் ஆண்டின் கார்ப்பரேட் வரிச் சலுகையில் தமிழ்நாடு இழந்த பங்கை வைத்து அந்த அடுப்புகளை நான்கரை ஆண்டுக்கு மேல் எரித்திருக்கலாம். காலை உணவை இலவசம் என்று ஏசுகிற அதே வாய், வரிச் சலுகையை ஊக்கம் என்று அழைக்கிறது. இரண்டும் அரசுக் கருவூலத்திலிருந்து போகும் பணம்தான்.

7. வரியைக் குறைக்காவிட்டால் கம்பெனிகள் ஓடிவிடும் என்ற பயம்.

ஸ்ரீபெரும்புதூர் இந்த பயத்தை நேரில் பார்த்த ஊர். 2006-இல் நோக்கியா ஆலை பெரும் வரிச் சலுகைகளோடு அங்கே வந்தது. ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போனார்கள். 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டது. வரித் தகராறும் ஒரு காரணம். ஸ்மார்ட்போன் சந்தையை நோக்கியா பறிகொடுத்தது அதைவிடப் பெரிய காரணம். கொடுத்த சலுகை எதுவும் அந்த ஆலையைப் பிடித்து நிறுத்தவில்லை.

இன்று அதே வட்டாரத்தில் ஐபோன் தயாராகிறது. தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 2022-23-இல் 537 கோடி டாலராக இருந்தது, 2024-25-இல் 1,465 கோடி டாலராகிவிட்டது. பார்த்தீர்களா, சலுகை வேலை செய்கிறது என்று இதைக் காட்டுவார்கள். வேலை செய்தது எந்தச் சலுகை என்று கவனிக்க வேண்டும். உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகைத் திட்டத்தில், முதலீட்டு இலக்கை எட்டி விற்பனையைக் கூட்டிக் காட்டிய பிறகுதான் பணம். காட்டாவிட்டால் காசு இல்லை. அதோடு சாலை, மின்சாரம், துறைமுகம், பள்ளிப் படிப்பை முடித்த பெண்கள், அவர்கள் தங்க இடம் என்று வேறு பலவும் சேர்ந்தன. 2021 டிசம்பரில் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஊழியர்கள் தங்கியிருந்த விடுதியில் கெட்டுப்போன உணவைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். சக தொழிலாளிகள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். உற்பத்தி நின்றது. அதன் பிறகு வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை ரூ.706.5 கோடியில் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது அரசு நிறுவனமான சிப்காட். தொழிலைத் தாங்கி நிற்கும் இந்தப் படிப்பும் சாலையும் விடுதியும் பொதுப் பணத்தில் வந்தவை. வரியை வெட்டிக்கொண்டே போனால் அடுத்த விடுதியை எந்தப் பணத்தில் கட்டுவது?

புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கான 15 சதவீதச் சலுகையின் முடிவும் ஒரு சாட்சி. அதன் கெடுவை ஓராண்டு நீட்டினார்கள். 2024 மார்ச் 31-உடன் அதை முடியவிட்டார்கள். அந்தக் காலம் முழுக்க நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆலைத் துறையின் பங்கு சொல்லும்படி உயரவில்லை. ஒரு வேலைவாய்ப்புக் கணக்கு இன்னும் உறுத்துகிறது: உழைப்போரில் சொந்தமாக ஏதோ செய்து பிழைப்பவர்கள் 2017-18-இல் 52 சதவீதம், 2023-24-இல் 58 சதவீதம். ஆலை வேலை பெருகும் நாட்டில் அந்த எண் இறங்க வேண்டும்.

8. மற்ற நாடுகளில் பலித்ததே?

எங்கே? 2017 நவம்பரில் வாஷிங்டனில் பெருநிறுவனத் தலைவர்கள் கூட்டம் ஒன்று நடந்தது. மேடையில் அதிபர் டிரம்ப்பின் பொருளாதார ஆலோசகர் கேரி கோன். வரி குறைந்தால் முதலீட்டைக் கூட்டப் போகிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்று நெறியாளர் கேட்டார். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கைகள்தான் எழுந்தன. மற்றவர்கள் ஏன் கை தூக்கவில்லை என்று கோன் மேடையிலிருந்தே கேட்டார். அடுத்த மாதம் கார்ப்பரேட் வரியை 35-லிருந்து 21 சதவீதமாக்கும் சட்டம் நிறைவேறியது. சராசரிக் குடும்பத்துக்கு ஆண்டுக்குக் குறைந்தது 4,000 டாலர் கூடும் என்று வெள்ளை மாளிகையின் பொருளாதார ஆலோசகர் குழு வாக்களித்திருந்தது. ஹார்வர்டு, பிரின்ஸ்டன், சிகாகோ பொருளாதார அறிஞர்கள் மூவர் 2024-இல் கணக்கிட்டபோது, முதலீடு கூடியது உண்மைதான் என்று கண்டார்கள். தொழிலாளிக்குக் கூடிய சம்பளமோ ஆண்டுக்குச் சுமார் 750 டாலர். இன்னோர் ஆய்வு, அந்த உயர்வும் நிறுவனத்துக்குள் மேல்தட்டுப் பத்து சதவீதத்தோடு நின்றுவிட்டது என்றது. 2018-இல் எஸ் அண்ட் பி 500 நிறுவனங்கள் தங்கள் பங்கைத் தாங்களே திரும்ப வாங்கச் செலவிட்டது 80,000 கோடி டாலருக்கும் மேல்.

கான்சஸ் மாநிலத்தின் கதை இன்னும் தெளிவு. 2012-இல் ஆளுநர் சாம் பிரவுன்பேக் வருமான வரியை வெட்டி, லட்சக்கணக்கான தொழில் நிறுவனங்களின் லாபத்துக்கு வரியே இல்லை என்றாக்கினார். இரண்டு ஆண்டில் மாநிலத்தின் கடன் தரமதிப்பு இறங்கியது. 2015-இல் பணமில்லாமல் சில பள்ளி மாவட்டங்கள் கல்வியாண்டை முன்கூட்டியே முடித்தன. 2017 ஜூனில் அந்த வரிக் குறைப்பை ரத்து செய்தது எதிர்க்கட்சி இல்லை. ஆளுநரின் சொந்தக் கட்சியான குடியரசுக் கட்சியே பெரும்பான்மையாக இருந்த சட்டமன்றம், அவருடைய வீட்டோவையும் மீறி ரத்து செய்தது.

9. இப்போது சாமானியருக்கும்தானே குறைத்திருக்கிறார்கள்?

ஆமாம். 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் ரூ.12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி இல்லை என்றானது. அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் சோப்பு, பற்பசை, ஷாம்பூ வரி 18-லிருந்து 5 சதவீதமாக இறங்கியது. பிஸ்கட்டும் 5 சதவீதத்துக்கு வந்தது. மக்கள் கையில் பணம் இருந்தால்தான் கடையில் சரக்கு நகரும், சரக்கு நகர்ந்தால்தான் ஆலை ஓடும் என்பதுதான் இந்த இரண்டு முடிவுகளின் அடிப்படை. வரவேற்க வேண்டிய முடிவுகள். ஆனால் பிஸ்கட் கம்பெனி இதைக் கேட்டது 2019 ஆகஸ்டில். நடுவில் போன ஆறு ஆண்டில் அந்த ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டின் எடைதான் குறைந்தது.

தொழிலுக்குச் சலுகையே கூடாது என்று இந்தக் கட்டுரை வாதாடவில்லை. ஐபோன் ஆலைக்குக் கொடுத்ததைப் போல, செய்து காட்டிய பிறகு கொடுப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க நியாயமில்லை. 2019 செப்டம்பர் சலுகைக்கு இருந்த முக்கிய நிபந்தனை, பழைய வரிவிலக்குகளை விட்டுவிட வேண்டும் என்பதுதான். எத்தனை பேரை வேலைக்கு எடுத்தாய் என்றோ, எங்கே முதலீடு செய்தாய் என்றோ எந்த நிறுவனத்தையும் யாரும் கேட்கவில்லை, கேட்கச் சட்டத்தில் இடமும் இல்லை.

நூறு நாள் வேலைக்குப் போன பெண்களிடம் கணக்குக் கேட்டார்கள். 2023 ஜனவரி முதல் அவர்களை நாளுக்கு இரண்டு முறை, காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று, செல்போன் செயலியில் படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்பது கட்டாயமானது. படம் ஏறாவிட்டால் அன்றைய வருகையும் ஏறவில்லை. தமிழ்நாட்டில் 2024-25-இல் அந்த நாள் கூலி ரூ.319. அதைக்கூட ஒழுங்காகக் கொடுக்கவில்லை. 2024 நவம்பர் கடைசியிலிருந்து கூலி நின்றுபோய், நிலுவை ரூ.1,056 கோடி ஆகிவிட்டது என்று 2025 ஜனவரியில் முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

319 ரூபாய்க்கு இரண்டு படம் கேட்ட அரசு, அடுத்த முறை எந்தக் கட்சியுடையதாக இருந்தாலும், ஒரு லட்சம் கோடியை விட்டுக்கொடுக்கும் சட்டத்தில் நான்கு விவரங்களை எழுதியாக வேண்டும்: எவ்வளவு முதலீடு, எத்தனை ஆண்டுக்குள், எத்தனை பேருக்கு என்ன சம்பளத்தில் வேலை, தவறினால் எவ்வளவு வட்டியோடு திரும்ப வசூல்.